உப்பு ஒத்துக்கொள்ளாத செப்டிக் டேங்க்

காலை ரயிலில், வேப்பம்பட்டில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். காக்களூரில் ஒரே கம்பெனியில் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மூத்தவர் பெருமூச்சு விட்டார்.

"எங்க ஊட்டு செப்டிக் டேங்குக்கு உப்பு ஒத்துக்கலடி."

"இன்னாக்கா சொல்ற?"

"போர் தண்ணில முடி கொட்டுதுன்னு எங்க ஊட்டுக்காரரு தண்ணியோட கடுப்ப எடுக்குற சாஃப்ட்னர் மெஷின் மாட்டினாரு. அதுக்கு மூட்டை மூட்டையா உப்பு போடணும். மெஷினு கழுவுற உப்புத் தண்ணிய பூரா டேங்குக்குள்ளயே வுட்டுட்டாரு. கழிவத் தின்ற பூச்சிங்கோ செத்துப்போச்சாம். என் நாத்தனார் விருந்துக்கு வந்த அன்னிக்கு ஊடே நாறிப்போச்சு."

"அய்யய்யோ! அப்புறம்?"

"பைப்ப வேற பக்கம் திருப்பி வுடுன்னு பிளம்பர் சொன்னாரு. எங்க ஊட்டுக்காரரும் திருப்பினாரு. அதோட நின்னாரா? பூச்சிங்கோ திரும்பப் பொறக்கணும்னு, நான் அரைச்சுப் புளிக்க வச்ச இட்லி மாவ ஒரு குண்டான் கக்கூஸ்ல ஊத்திட்டாரு!"

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சும்மாவா வுட்ட?"

"காலைல வந்து நாஷ்டா கேட்டாரு. படைச்ச இடத்துல போயி பிரசாதம் வாங்கிக்கோன்னு சொல்லிட்டு வந்துக்கினே இருக்கேன்."