மூணாவது குண்டோட நின்ன ரிவால்வர்

...பழசுன்னா கோளாறுன்னு சொல்லிடுறதா? நீங்களே சொல்லுங்க ஸ்வர்ணா! எழுபது வருஷத்து ரிவால்வர், ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல. இன்னிக்கு, கிளப் போட்டியில, மூணு குண்டு சுட்டேன், நாலாவதுக்கு, குண்டு போடற உருளை சுத்தவே மாட்டேங்குது. தானா நிக்குமா? கை வச்சிருக்கார். வேற யாரு, என் வீட்டுக்காரர் வெற்றிதான்!

உக்காருங்க உக்காருங்க. இந்த ஊர் மழை எப்ப விடும்? ஒனிஹங்காவுல உங்க வீட்டு வாசல்லயே நான் இறக்கி விடறேன். புதுசா சேந்திருக்கீங்க, என்ன பிஸ்டல் வாங்கலாம்னுதானே கேட்டீங்க? அதத்தான் சொல்ல வரேன்.

ரிவால்வர் வாங்குங்க. ஒளிவு மறைவே கிடையாது. உருளைய வெளிய தள்ளினா ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். மரக் கைப்பிடி... ஆஹா! கனமா இருக்கறதால சுடும்போது கையில உதையும் கம்மி. குறை இல்லையான்னா, இருக்கு. ட்ரிகர் இழுக்கறதுக்குள்ள விரல் செத்துடும். ஆறு சுட்டு முடிச்சதும் ஒண்ணொண்ணா ரொப்பணும், அதுக்குள்ள பக்கத்துல நிக்கறவன் டீ குடிச்சிட்டே வந்துடுவான். அப்புறம் உள்ள பாகங்களுக்கு நடுவுல எல்லாம் மயிரிழை இடைவெளி. உள்ள கொஞ்சம் அழுக்குப் போச்சோ, முடிஞ்சுது கதை.

நான் மொதல்ல ஆசைப்பட்டது அந்தப் பழைய பட்டாளத்து பிஸ்டல். நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட டிசைன், இன்னும் அதையே காப்பி அடிக்கறாங்க! ஒல்லியா, அழகா... ட்ரிகர் வெண்ணெய். ஆனா எங்க நாத்தனார் புருஷன் மாதிரி, எதைப் போட்டாலும் ஒரு நொட்டை. மொனை உருண்ட குண்டுன்னா முழுங்கும். வேற போட்டா தொண்டையில மாட்டிக்கும். சுடும்போது அதோட சுத்தியல் வேற பின்னாடி வந்து கைச்சதையக் கடிக்கும். வேண்டாம்ப்பா.

வெற்றியோட பிஸ்டல் பிளாஸ்டிக். பாத்தா ஷேவிங் மெஷின்! ஆனா சும்மா சொல்லக் கூடாது, நிக்கவே நிக்காது. அதான் எரிச்சல். "உன்னோடது ஒரு தடவை மக்கர் பண்ணாலும் வித்துடலாம்"ன்னார். நானும் வாய விட்டு சரின்னுட்டேன். விக்கவா? பதினோரு வருஷமா ஃபார்மசியில மாத்திரை எண்ணிக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை இதைத் தூக்கினாத்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணுது. இப்ப இது நின்னா யாருக்கு லாபம்? யோசிங்க!

எல்லார் முன்னாடியும் கேட்டேன், "நீதானே கை வச்ச?"ன்னு. சுடற எடத்தைப் பாத்துக்கற ரேஞ்ச் ஆபீசரும் துப்பாக்கிய கடைசியா யார் துடைச்சு வச்சதுன்னு கேட்டார். இவர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "நான்தான்"ன்னுட்டார். தன் வாயாலயே! அடுத்தவங்க துப்பாக்கிய அஜாக்கிரதையா கையாண்டதுக்கு, ரெண்டு மாசம் ரேஞ்ச் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாங்க. நல்லா வேணும்! எனக்கு அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். கிளப் லெட்டர் வேணும். போலீஸ்காரங்க வீட்டுக்கே வந்து, வீட்டுக்காரரைத் தனியா உக்கார வச்சு, இவங்க கையில துப்பாக்கி குடுக்கலாமான்னு கேப்பாங்க, தெரியுமா? தப்பு என் மேலன்னு எழுதியிருந்தா என் கதி என்ன?

சாட்சி கூட இருக்கு. இந்தாங்க. உருளைக்குப் பின்னாடி ஒரு தகடு இருக்கும், அதுக்கு அடியில இருந்து சுரண்டி டிஷ்யூவுல மடிச்சுக் குடுத்தாங்க. இருந்த கோவத்துல நான் பிரிச்சே பாக்கல. பாருங்க... மஞ்சளா இல்ல? மெழுகா? மண்ணா? மோந்து பாருங்களேன். ...என்னது, வாசனையா இருக்கா? குடுங்க இப்படி.

...

அய்யய்யோ.

சந்தனம்.

போன வாரம் ஆயுத பூஜை ஸ்வர்ணா. கார், லேப்டாப், மிக்ஸி எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். வீட்டுல நெஜமான ஆயுதம்னு இருக்கறதே இதுதான், இதை விடலாமான்னு சேஃபைத் தொறந்து... குண்டு இல்லாமத்தான்! முன்னாடி ஒரு பொட்டு, பின்னாடி ஒரு பொட்டு, உருளையச் சுத்தி ஆறு பொட்டு... கொழகொழன்னு கரைச்சிருந்தேன். மறுநாள் நானேதான் மேலாப்புல துடைச்சு உள்ள வச்சேன். இதோ, அட்சதை அரிசி கூட இருக்கு, பாருங்க. அவரோட பிளாஸ்டிக்குக்கு வைக்கல. இதெல்லாம் ஒரு ஆயுதமான்னு விட்டுட்டேன்.

சிரிக்காதீங்க. அவருக்குத் தெரியும். பக்கத்துல நின்னு மணி அடிச்சதே அவர்தானே! தெரிஞ்சுக்கிட்டேதான் நான்தான்னு சொல்லியிருக்கார். அத்தனை பேர் முன்னாடி நான் கத்தினதுக்கு அப்புறமும். எனக்கு வெக்கமா இருக்கு ஸ்வர்ணா, அழுகையா வருது.

எங்க இருக்கார்? கார்லயா? இல்ல இல்ல, மொதல்ல ரேஞ்ச் ஆபீசரைப் பாக்கணும், கிளம்பிடப் போறார். ஆயுத பூஜைன்னா என்னன்னு அவருக்கு விளக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும்... சாயட்டும். கொஞ்சம் வழி விடுங்க. லைசென்ஸ் வந்தா வருது, போனா போகுது. அந்த ரெண்டு மாசம் என்னோடது.