ஆயிரம் வரை எண்ணும் வரி

மெதுவாக வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, சார். பாவமாகத்தான் இருக்கும். ஜெயினுலாப்தீன் அப்படிப்பட்டவன். எண்பத்து நாலில் தாராவியில் நாங்கள் இரண்டு பேரும் கூட்டாகப் பட்டறை போட்டோம். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பூட்டி, வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்து ஓட்டுகிற ரோபோக் கை. அந்த கிட்தான் எங்கள் சரக்கு.

அதை எந்த மொழியில் ஓட்டுவது என்பதில்தான் தகராறு. எட்டு மாதம் கண் பூத்துப்போக நான் மெஷின் கோடில், வெறும் எண்களாகவே, எழுதி வைத்திருந்தேன். சொடக்குப் போடுகிற வேகத்தில் கேட்கும். அவன் ஒரேயடியாகத் தள்ளிவிட்டான். சாதாரண ஆங்கிலச் சொற்களில் எழுதுகிற பேசிக் மொழிதான் வேண்டுமாம்.

"நீ எழுதுன நம்பரு ஒனக்கு மட்டுந்தான்டே புரியும். பேசிக்னா பிள்ளையளே வாசிச்சு மாத்திக்கிடும்."

எனக்கு வயிறு எரிந்தது. செம்பூர்ப் பள்ளியிலிருந்து ஷ்யாமளா டீச்சர் நாற்பது கிட் வாங்க வருவதாக இருந்தது. அவர் தலையாட்டினால் பேசிக்தான் நிலைக்கும். என் எட்டு மாதமும் குப்பைக்கு. பேசிக் மெதுவானது, ஆபத்தானது என்று அவர் தன் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நியாயம்தானே?

அதனால் பேசிக் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். நிறுத்தும் பொத்தானைக் கவனிப்பதற்கு முன்னால், சும்மா ஆயிரம் வரை எண்ணச் சொல்லும் வரி. நாலைந்து வினாடி ஆகும், அவ்வளவுதான். பேசிக்கை யாரும் வாசிக்கலாம் என்றானே, அவன் வாசிக்கவில்லை. நான் டைப் செய்ததை அவன் ஒருநாளும் சரிபார்த்ததில்லை, அத்தனை நம்பிக்கை.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தொடுகிற சாமானாயிற்றே என்று, ஒவ்வொரு ரோபோவின் இடுக்கியிலும் முதலில் தன் வலது கையை வைத்து, அது மூடும்போது இடது கையால் நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பார்ப்பான். டீச்சர் முன்னாலும் வைத்தான். இடுக்கியை இறுக்குவது லாரி வைப்பர் மோட்டார், சார். மெயின் ஸ்விட்ச் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "தளவாய், அணைடே!" என்று அலறினான். கம்ப்யூட்டர் எண்ணி முடிக்கட்டும் என்று நின்றேன். மூன்று விரல் போய்விட்டது.

டீச்சர் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவன் பேச்சுதான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "பொத்தானு மோசம்டே, மாத்திருவோம். பேசிக்கே இருக்கட்டும்" என்கிறான். நாளைக் காலையில் டிஸ்சார்ஜ். நேரே பட்டறைக்கு வந்து இடது கையை வைத்துப் பார்ப்பானாம்.

எவ்வளவு பிடிவாதம், பாருங்கள். அந்த வரியை நான் இன்னும் எடுக்கவில்லை, சார். எடுத்துவிட்டால், பேசிக் நல்லது என்று ஆகிவிடுமே.