மூன்று மில்லிமீட்டர்

என் மேசையில் இருந்த எஃகு ஸ்கேலை உங்கள் ஆள் எடுத்துப் போயிருக்கிறார். வேலை முடிந்ததும் திருப்பித் தரச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வருடம் என்னோடு இருந்தது, அதில் ஒரு கோடுகூட அழியவில்லை.

எல்லைச் சாவடியில் மருந்துப் பெட்டிகளைப் பரிசோதிப்பது என் வேலை. முன்பெல்லாம் லாரி வரிசை ஆற்றுப் பாலம் வரை நிற்கும். ஓட்டுநர்கள் என் ஜன்னலுக்கு வெளியே தவம் கிடப்பார்கள். அவர்களிடம் நான் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அண்டை நாடுகள் நான்கும் ஒப்பந்தம் போட்டன. வரி போனது. அங்கே சோதித்த மருந்தை இங்கே மறுபடி சோதிக்க வேண்டாம் என்றார்கள். எனக்கென்று மிச்சம் வைத்தது ஒன்றுதான்: பெட்டியில் நம் மொழியில் ஓர் எச்சரிக்கை வரி இருக்க வேண்டும், எழுத்து மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது.

அக்கரையில் இதே வேலை பார்ப்பவர் ஒருநாள் பாலத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே நமக்கு ஈ ஓட்டுற வேலைதான் அண்ணே" என்றார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு வயிறு எரிந்தது. சீக்கிரம் வீட்டுக்கு வருகிறேனே என்று சந்தோஷப்பட்ட மனைவிமீதும் எரிந்து விழுந்தேன்.

அப்படியே மூன்று வருடம் போனது. இந்த மழைக்காலத்தில் அந்த லாரி வந்தது. நாற்பது பெட்டி பாம்புக்கடி மருந்து. வெள்ளம் வடிந்த பக்கமெல்லாம் பாம்பு. இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டது. தெரியாது என்று சொல்லமாட்டேன், காலையிலேயே போன் செய்து சொல்லியிருந்தார்கள். நான் அளந்தேன். படிவத்தில் இரண்டரை என்று எழுதினேன். லாரியை ஓரங்கட்டினார்கள். புது லேபிள் அச்சடித்து ஒட்ட ஐந்து நாள் ஆகும்.

மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தானே வந்துவிட்டார். செருப்பெல்லாம் சேறு. நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"வார்டுல ஆறு பேர் கிடக்கிறாங்க சார். எழுத்து சின்னதா இருந்தா நானே ஒவ்வொருத்தருக்கும் வாசிச்சுக் காட்டுறேன். ஒரு கையெழுத்துதான் சார்."

"சட்டம் நான் போட்டதில்லம்மா" என்றேன்.

அவர் போகவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் லாரி ஓட்டுநர் வந்து நின்றார். பிறகு கடிபட்ட ஒரு பெண்ணின் அப்பா, அவருடைய தம்பி, இன்னும் யார் யாரோ. எத்தனை நாளாயிற்று அந்த ஜன்னலில் ஒரு வரிசையைப் பார்த்து. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். முகம் தெளிஞ்சிருக்கே என்று வீட்டில் மனைவிகூடக் கேட்டாள்.

ஆறு பேரில் ஒருவர் பிழைத்தார். லேபிளே சரியில்லாத அக்கரை மருந்தை நம்பலாமா என்று பத்திரிகைகள் எழுதின. பழைய சோதனைகளை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து, எனக்குக் கீழே இரண்டு பேரையும் போட்டார்கள். டாக்டரம்மா புது லேபிளை உரித்து, அடியில் இருந்த பழைய எழுத்தை அளந்து பார்க்காமல் இருந்திருந்தால் நீங்களும் இங்கே வந்திருக்கமாட்டீர்கள்.

அவர் அளந்தது சரிதான். நானும் அன்று மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் மூன்று மில்லிமீட்டர்தான் வந்தது.

இப்போது என் ஜன்னலைப் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அது சரியில்லை. அவசரம் என்று வந்து நிற்கிறவர்கள் பாவம், யாரிடம் போய்க் கேட்பார்கள்.