அப்பாவுக்குத் தலை இல்லாத படங்கள்

— அந்தக் காபியைக் கீழே வைங்கப்பா. வச்சிட்டு இந்தப் படத்தைப் பாருங்க. இது யாரு?

— கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்? யாரோ உக்காந்திருக்காங்க.

— கண்ணாடி உங்க நெத்தியிலதான் இருக்கு.

— அட, ஆமா. சரி, குடு. இது டெட்ராய்ட்டு. பழைய பேஸ்பால் மைதானம். அந்தப் பச்சை நாற்காலியைப் பாத்தாலே தெரியுதே! இடிச்சுத் தள்ளிட்டானுங்க படுபாவிங்க. எங்கம்மா கிடைச்சுது இது?

— பேஸ்மென்ட்ல, அம்மாவோட தையல் மெஷின் பொட்டிக்குள்ள. கல்யாணத்துக்கு மேசை விரிப்பு தேடச் சொல்லி நீங்கதானே அனுப்பினீங்க. நான் மைதானத்தைக் கேக்கல. உங்களுக்குப் பின் வரிசையில, தலையில மஞ்சத் துணி கட்டிக்கிட்டு வேர்க்கடலை உரிக்கிறாளே, அவ யாருன்னு கேக்கறேன்.

— கூட்டம்னா நாலு பேரு கடலை தின்னத்தான் செய்வாங்க கானி.

— ட்ரூடி.

— எந்த ட்ரூடி?

— எந்த ட்ரூடியா! வர்ற சனிக்கிழமை நீங்க கட்டிக்கப்போற ட்ரூடி!

— மஞ்சத் துணி கட்டினவ எல்லாம் ட்ரூடியா? அட போம்மா.

— அந்த மூக்கு? மேல் உதட்டுல அந்த மச்சம்? போன வாரம் என் வீட்ல எனக்கு எதிர்க்க உக்காந்து ரொட்டியில வெண்ணெய் தடவின அதே மூஞ்சி. வயசுதான் குறைச்சல். என்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? "தவக்காலத்துல சர்ச்சுல வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு போட்டாங்க, போனேன். பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு, அவ வந்து உக்காந்தா." அப்படித்தானே?

— உக்காந்தா. அது பொய் இல்ல.

— அது பொய் இல்லயா? அப்போ எது பொய்?

— நீ என்ன போலீஸா? சாலட்டுக்கு வச்ச உருளைக்கிழங்கு வெந்துடுச்சான்னு போய்ப் பாரு.

— உருளைக்கிழங்கு குழைஞ்சா குழையட்டும். எனக்கு அன்னிக்கே உறுத்துச்சுப்பா. தோட்டத்துல ஒரு தேனீ சுத்துது, இந்தம்மா ஓடி வந்து "கானி, உனக்குத் தேனீ கொட்டினா உடம்பெல்லாம் வீங்குமே"ங்கறா. அவளுக்கு யாரு சொன்னதுன்னு யோசிச்சேன். அப்பா சொல்லியிருப்பாருன்னு விட்டுட்டேன். ஆனா உங்களுக்கே அது ஞாபகம் இருக்காதே! என் பொறந்த நாளே உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

— மார்ச்சுல வரும்.

— மே.

— சரி சரி, மே.

— படத்து ஓரத்துல எழுபத்தி நாலு ஜூலைன்னு அச்சுப் போட்டிருக்கு. எனக்கு எட்டு வயசு. நீங்களும் அம்மாவும் ஒரு சனி, ஞாயிறு டெட்ராய்ட்டுக்குப் போனீங்க. என்னையும் தம்பி ரிக்கையும் ஃப்ளோ அத்தை வீட்ல தள்ளிட்டுப் போனீங்க. அத்தை ரெண்டு நாளும் பீட்ரூட் சூப்பாவே ஊத்தினா, அதனால நல்லா ஞாபகம் இருக்கு.

— என் தங்கச்சி சூப்பை இப்படிப் பேசறது அவ காதுல விழணும், அப்புறம் இருக்கு உனக்கு.

— பேச்சை மாத்தாதீங்க. சனிக்கிழமை மைதானம், ட்ரூடி இருக்கா. ஞாயிற்றுக்கிழமை டியர்பார்ன்ல பழைய கார் கண்காட்சி. இந்தா, பச்சை கார் பக்கத்துல ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டு நிக்கறது யாரு? ட்ரூடி. இந்தா, நீங்க ராத்திரி தங்கின மோட்டல். நீச்சல் குளத்துக்குள்ள காலை விட்டுக்கிட்டு இருக்கறது யாரு? ட்ரூடி. யாரோ தெரியாத பொம்பளை மேட்ச் பாக்க வரலாம், கார் பாக்கவும் வரலாம். மோட்டலுக்குமா வருவா?

— மோட்டல்ல ரூம் காலி இருந்திருக்கும், வந்திருப்பா.

— அப்பா!

— கத்தாதே. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு.

— கேக்கட்டும். ஊரே கேக்கட்டும். அம்மா உயிரோட இருக்கறப்பவே இவளை நீங்க... சொல்லவே வாய் கூசுது. அம்மா போனப்புறம் ஒப்புக்கு நாலு வருஷம் காத்திருந்துட்டு, இப்பத்தான் பழக்கமான மாதிரி ஃபாதர் நோவாக் முன்னாடி போய் நிக்கப் போறீங்க. இந்தப் படத்தை எல்லாம் நேரா அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டப் போறேன். சனிக்கிழமை கல்யாணம் எப்படி நடக்குதுன்னு பாக்கறேன்.

— அதை மட்டும் செய்யாதே கானி. உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— பயம் வருதா?

— வருது. என்னை என்ன வேணா திட்டு. நீ வராட்டியும் பரவாயில்ல. ஆனா அந்தக் கல்யாணம் சனிக்கிழமை நடந்தாகணும். தள்ளிப்போட முடியாது.

— எண்பத்தி ரெண்டு வயசுல அப்படி என்ன அவசரம்?

— அந்தப் படங்களை நீ ஒழுங்காப் பாத்தியா?

— நேத்து சாயங்காலத்துலேர்ந்து வயிறு எரிய எரிய அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.

— நான் எங்க இருக்கேன் அதுல?

— இதுல உங்க தோள். இதுல முழங்கை. இதுல பச்சை காருக்கு அடியிலேர்ந்து ரெண்டு கால் நீட்டிக்கிட்டிருக்கு, பூட்ஸைப் பாத்தா நீங்கதான். எதுலயும் உங்களுக்குத் தலை இல்ல. அம்மா படம் எடுத்தா அப்படித்தானே! ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உங்க தலையைச் சீவிடுவா. அந்தப் பிளாஸ்டிக் கேமராவைத் திட்டிச் சிரிச்சே வளந்தோம் நாங்க. பொறுங்க. அப்போ இதை எல்லாம் எடுத்தது அம்மா.

— வேற யாரு? மைதானத்துல உக்காந்துட்டா எனக்கு ஸ்கோர் அட்டையும் பென்சிலும்தான் உலகம். ஒவ்வொரு பந்தையும் குறிச்சாகணும். அன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் வேற. பக்கத்துல குண்டு விழுந்தாலும் "எந்த இன்னிங்ஸ்ல விழுந்துச்சு"ன்னுதான் கேட்டிருப்பேன்.

— அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு! கடவுளே, ஆதாரம் சேத்திருக்காப்பா அம்மா! மைதானத்துல எடுத்த படத்துல ஒண்ணுலகூட ஆட்டமே இல்ல பாருங்க. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பின்னால இருக்கறவளையே எடுத்திருக்கா. பேஸ்பால்னாலே கொட்டாவி விடறவ அன்னிக்கு மட்டும் ஏன் கிளம்பி வந்தா? உங்களைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான்!

— அந்தப் பிலிம் வெளிச்சம் பட்டு வீணாப்போச்சுன்னு சொன்னா என்கிட்ட. இன்னிக்குத்தான் நானும் பாக்கறேன்.

— பாத்தீங்களா? மறைச்சு வச்சிருக்கா பாவம். உள்ளுக்குள்ளயே புழுங்கிச் செத்திருக்கா.

— அவளேதான் "நானும் வரேன் வால்ட்"னா. எனக்குத் தலைகால் புரியல. பூப்போட்ட துணியில புதுச் சட்டை தச்சுக்கிட்டா. பே சிட்டியிலேர்ந்து டெட்ராய்ட்டு வரைக்கும் ரேடியோ கூடவே பாடிக்கிட்டு வந்தா. கல்யாணமாகி அத்தனை வருஷத்துல அவ பாடி நான் கேட்டதே இல்ல. என்கூட ஊர் சுத்தறதுல இவளுக்கு இவ்வளவு சந்தோஷமான்னு பூரிச்சுப் போயிட்டேன், மடையன்.

— வேவு பாக்கப் போறவ பாடிக்கிட்டா போவா?

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— அப்படின்னா அம்மாவுக்கு அப்போ தெரியாது. அங்க வந்துதான் தெரிஞ்சிருக்கு. இந்தப் பொம்பளை வெக்கமே இல்லாம அம்மா முன்னாடியே உங்களைப் பாத்து இளிச்சுக்கிட்டு...

— என்னையா பாக்கறா?

— பின்ன?

— நல்லாப் பாரு. நான் முன் வரிசையில குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்கேன். அவ கண்ணு எங்க இருக்கு?

— கேமராவைப் பாக்கறா.

— குளத்துல காலை விட்டுக்கிட்டிருக்கறப்போ?

— கேமராவை. ஐஸ்கிரீம் படத்துலயும் கேமராவைத்தான். எல்லாத்துலயும்... அப்பா, கேமராவுக்குப் பின்னாடி அம்மாதானே இருந்தா.

— ஆமா.

— இல்ல. இல்லப்பா. உங்க தப்பை மறைக்க அம்மாவை இழுக்காதீங்க. எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவ மேல பழி போடறது பெரிய பாவம்.

— உங்கம்மாவைப் பத்தி என்னிக்காவது ஒரு வார்த்தை தப்பாச் சொல்லியிருக்கேனா?

— சொன்னதில்ல.

— இப்பவும் சொல்லல. நடந்ததை மட்டும் சொல்றேன், கேளு. நான் கார் பிளான்ட்ல ஆக்ஸில் மாட்டினவன். காரைக் கண்டா எனக்கு மூஞ்சி முக்கியமில்ல, வயித்தைப் பாக்கணும். அந்தப் பச்சை ஃபோர்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு, மல்லாக்கப் படுத்து அடியில போனேன். அங்கேர்ந்து பாத்தா ஜனங்களோட காலு மட்டும்தான் தெரியும். உங்கம்மாவோட வெள்ளைச் செருப்பு நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல சிவப்பு கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வந்து பக்கத்துல நின்னுச்சு. உங்கம்மா செருப்பைக் கழட்டினா. கழட்டி, வெறுங்காலைத் தூக்கி அந்தச் சிவப்பு ஷூ மேல வச்சா. மெல்ல. அவ்வளவுதான் கானி, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

— அது... புல்லு சுட்டிருக்கும். சிநேகிதிங்க விளையாட்டுக்கு வைக்க மாட்டாங்களா?

— என் கால் மேல அவ ஒரு நாளும் அப்படி வச்சதில்லையே.

— நீங்க என்ன செஞ்சீங்க?

— வெளிய வரல. வந்தா நான் பாத்தது நிஜமாயிடும்னு அப்படியே கிடந்தேன். எண்ணெய் சொட்டுச் சொட்டா நெத்தியில விழுது. கார்க்காரர் குனிஞ்சு, "சார், உசுரோட இருக்கீங்களா, இல்ல பாதிரியாரைக் கூப்பிடவா"ங்கறார்.

— சிரிக்கற நிலையில நான் இல்லப்பா.

— நானும் அன்னிக்கு இல்ல. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மாவும் ட்ரூடியும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஒண்ணா வேலை பாத்தவங்களாம். எனக்கு அதுகூடத் தெரியாது. மைதானத்துல ரெண்டு மேட்ச்சும் முடியற வரைக்கும் எனக்குப் பின்னால சிரிப்பு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திரும்பிப் பாக்காத முட்டாள் நான்.

— அம்மாவைக் கேட்டீங்களா?

— திரும்பி வர்ற வழியில கேட்டேன். அவ மறைக்கல. "போன்னா போயிடறேன் வால்ட், இருன்னா இருக்கேன். புள்ளைங்ககிட்டேர்ந்து மட்டும் என்னைப் பிரிச்சிடாதே"ன்னா. எனக்குப் போன்னு சொல்ல வாய் வரல. இருன்னு சொல்லவும் மனசு வரல. அந்தக் குளிர்காலம் பூரா கராஜ்ல படுத்தேன்.

— குறட்டை விடறீங்கன்னு சொன்னா அம்மா.

— எட்டு வயசுப் புள்ளைகிட்ட வேற என்னத்தச் சொல்றது? ட்ரூடி வேலையை மாத்திக்கிட்டு மார்க்வெட் போயிட்டா. வடக்கே பெரிய பாலம் தாண்டி, பனிக்காட்டுக்குள்ள. அப்புறம் போன்தான். ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்ட்ல துணி துவைக்கறப்போ.

— மெஷின் மத்தியானம் பூரா ஓடும். நாலு பேரு துணிக்கு இவ்வளவு நேரமான்னு நானே கேட்டிருக்கேன்.

— நான் மேல ரேடியோல டைகர்ஸ் பேஸ்பால் ஆட்டத்தைச் சத்தமா வச்சுக்குவேன். அவங்க பேசறது என் காதுல விழக் கூடாதுன்னு. உனக்கு எந்தப் பல்லு எப்ப விழுந்துச்சு, தேனீ எங்க கொட்டுச்சு, நீ யாரோட சண்டை போட்டே, எல்லாம் அவளுக்குத் தெரியும். போன்லயே உன்னை வளத்திருக்கா.

— கடவுளே. அம்மா அடக்கத்துக்கு அவ வந்தாளா?

— வந்தா. கடைசி பெஞ்சுல உக்காந்தா. ஊரே வரிசையா வந்து என் கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லுது. அவ கையை ஒருத்தர் பிடிக்கல. நீ போய், "நீங்க யாரு, அம்மாவோட தையல் வகுப்பா"ன்னு கேட்டே.

— நானா?

— "ஆமாம்மா"ன்னு சொல்லிட்டு, கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்குத்தான் கானி, எனக்குள்ள இருந்த கோவம் செத்துச்சு. எனக்குப் பொண்டாட்டி போனதுக்கு ஊரே அழுதுச்சு. அவளுக்கு யாரு அழுதாங்க? அப்புறம் நான்தான் தேடிப் பிடிச்சேன். மீன் சாப்பாட்டுக்கு நான்தான் வரச் சொன்னேன்.

— சரிப்பா. பரிதாபம் புரியுது. எனக்கே அழுகை வருது. ஆனா பரிதாபப்பட்டு யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா? சாப்பிடக் கூப்பிடுங்க, பக்கத்துல வீடு பாத்துக் குடுங்க. எதுக்கு மோதிரம், எதுக்கு ஃபாதர்? இன்னும் எதையோ விழுங்கறீங்க. உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?

— அவளுக்கு நுரையீரல்ல புத்து. பனி விழற வரைக்கும் தாங்கினாலே பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

— ஐயோ. அப்போ பாத்துக்க ஆள் வேணும்னா? அதுக்குக் கல்யாணம் எதுக்கு, நானே வந்து பாத்துக்கறேனே!

— பாத்துக்க ஆள் கிடைக்கும்மா. அது இல்ல. "உனக்கு என்ன வேணும் ட்ரூடி, எதுவானாலும் கேளு"ன்னேன். ஒண்ணே ஒண்ணு கேட்டா.

— என்ன கேட்டா?

— நம்ம சர்ச்சு கல்லறையில ஒரு குடும்பத்துக்குன்னு வாங்கின இடத்துல அந்தக் குடும்பத்து ஆளுங்களைத் தவிர யாரையும் புதைக்க விட மாட்டாங்க கானி. என் பொண்டாட்டியாச் செத்தாத்தான் அவளுக்கு அங்க இடம். அதான், உங்கம்மா பக்கத்துல எனக்குன்னு வச்சிருந்த இடத்தை அவளுக்குக் குடுத்துட்டேன்.