மீன் தலை எந்தப் பக்கம்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றும் சென்ற புதன்கிழமை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் எழுதியிருப்பதுதான்; ஒரு வாரத்தில் அவற்றில் மாற்றம் ஒன்றும் இல்லை. வயது ஐம்பத்தைந்து. தொழில், மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தல். முப்பத்தொரு வருடமாக ஒரே பட்டறை. அன்று நான் சொன்னதில் தவறு இருப்பதாலும், நாளை இந்த வழக்கின் தாள்கள் கோர்ட்டுக்குப் போகின்றன என்று தெரிந்ததாலும், யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்தேன். அதிகாரி அவர்கள், "அன்னைக்கே எழுதி முடிச்சாச்சே, இப்ப என்னய்யா?" என்று கேட்டார். முடிந்தது தவறாக முடிந்திருக்கிறது என்று சொன்னேன். அதன் பிறகு அவர் புதுத் தாள் எடுத்தார்.

வழக்கில் வண்டி ஓட்டியவராகக் காட்டப்பட்டிருப்பவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அதற்கு முன்பு ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் அவரை ராக்கெட் என்றே கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வழக்கு முடியும்வரை வேனைத் தொட வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தண்டனை ஆகிவிட்டால் பிறகு எந்த வேனையும் தொட முடியாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி ஒரு பல்பு மாட்டக்கூடத் தெரியாது.

வண்டி அவருடைய சொந்த மோட்டார் சைக்கிள். இருபத்திரண்டு வருடம் ஆன வண்டி. செயினை மூடும் தகடு துருப்பிடித்து உதிர்ந்து பல வருடம் ஆகிறது. விபத்துக்குப் பதினோரு நாள் முன்பு, சனிக்கிழமை காலை பத்து மணி போல, செயின் தொங்கிக் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று அதைப் பட்டறைக்குக் கொண்டு வந்தார். பார்த்தேன். பின்சக்கரத்துப் பல் எல்லாம் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தது. "செயினை மட்டும் மாத்து மச்சான், பல்லு நல்லாத்தானே இருக்கு" என்றார். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் பத்தே நாளில் செயினும் கிழவியாகிவிடும், மாற்றினால் முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒப்புக்கொண்டார்.

பின்சக்கரத்தைக் கழற்றி இரண்டு பல்சக்கரங்களையும் மாற்றினேன். சக்கரத்தைத் திரும்ப மாட்டிய பிறகு செயினைச் சுற்றிப் போட்டேன். செயினின் இரண்டு முனைகளையும் ஒரு லாக் போட்டு இணைக்க வேண்டும். லாக் கழன்று வராமல் அதன் மேல் ஒரு சின்ன கிளிப் ஏறும். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு முனை தலை மாதிரி மூடியிருக்கும், மறுமுனை வால் மாதிரி பிளந்திருக்கும். அதனால் எங்கள் தொழிலில் அதை மீன் என்போம். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மீனின் தலை இருக்க வேண்டும். வால் முன்னால் இருந்தால், எதிலாவது தட்டும்போது பிளவு விரிந்து கிளிப் பறந்துவிடும். இது பட்டறையில் முதல் வாரமே கற்றுக்கொள்ளும் பாடம். மற்றவர்களுக்கு இதை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

எப்போதும் நான் செயினை மேல்பக்கத்தில், பின் பல்சக்கரத்தின் மேல் வைத்துத்தான் இணைப்பேன். மேல்பக்கச் செயின் வண்டியின் முன்பக்கமாக ஓடும், ஆகவே மீன் தலையும் முன்பக்கம். முப்பத்தொரு வருடமாக என் கை அப்படித்தான் போட்டிருக்கிறது. அன்று இடது முழங்கால் வீங்கியிருந்தது. குனிந்து நிற்க முடியவில்லை. ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த உயரத்துக்குக் கீழ்ப்பக்கச் செயின்தான் கைக்கு எட்டியது. அங்கேயே இணைத்தேன். கீழ்ப்பக்கச் செயின் பின்னால் ஓடும். அங்கே மீன் தலை பின்பக்கம் இருக்க வேண்டும். என் கை முன்பக்கமே போட்டது.

அதன் பிறகு செயின் இறுக்கம் பார்க்கச் சக்கரத்தைச் சுற்றினேன். மூன்று சுற்றாவது சுற்றியிருப்பேன். அந்த கிளிப் தலைகீழாக என் கண் முன்னாலேயே போய்ப் போய் வந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மாப்பிள்ளை, "டப்பா மேல உக்காந்தா நீ வேலை செய்யற மாதிரி இல்ல மச்சான், சவரத்துக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் புதுச் செயினைக் கைபேசியில் படம் எடுத்து என் தங்கைக்கு அனுப்பினார்.

சென்ற புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர் வேன் நிறுத்தியிருக்கும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டி வளைவில் செயின் கழன்று முன்பக்கம் சிக்கிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி சறுக்கிப் போய், துணி மூட்டையோடு தெருவைக் கடந்த தையற்கார அம்மாவின் மேல் மோதியது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மாப்பிள்ளைக்கு வலது மணிக்கட்டு. செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை வந்தவர் போனவர் எல்லோரிடமும், "நான் வேகமா போகலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. என் தங்கை, "பேசாம படுங்க" என்றாள்.

அன்று பகல் ஆஸ்பத்திரி நடையில் வைத்து அதிகாரி என்னை விசாரித்தார். வண்டியில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று கேட்டார். நான் வண்டியைப் பார்க்காமலேயே, பதினோரு நாள் முன்பு நானே எல்லாம் மாற்றினேன், கோளாறு இருக்க வழியில்லை, விழுந்த வேகத்தில் செயின் கழன்றிருக்கும் என்றேன். அதன் பிறகு, ராக்கெட் என்ற பெயர் வேகமாக ஓட்டுவதால் வந்ததா என்று கேட்டார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன். முழங்கால் வலி உயிர் போனது. பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. "அப்படித்தான்னு வச்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அதை அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

உண்மை அதுவல்ல. எட்டாம் வகுப்பில் அவர் காகிதத்தில் ராக்கெட் செய்து விட்டார்; அது கணக்கு வாத்தியாரின் வழுக்கையில் போய் இறங்கியது. அன்று அந்தப் பெயரை வைத்தவன் நான். அவர் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் உட்கார்ந்து போனால், சைக்கிள்காரன்கூட நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து வந்து, "அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா படம் அனுப்பினாரு பாருண்ணா, என்னமோ புதுவண்டி வாங்கின மாதிரி" என்று கைபேசியைக் கொடுத்தாள். அந்தப் படத்தில் வண்டி நின்றிருந்த நிலையில் லாக் மேல்பக்கம் வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் வாலை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. தங்கை, "என்னண்ணா?" என்றாள். ஒன்றுமில்லை, நல்ல படம் என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறும் திங்களும் யாரிடமும் சொல்லவில்லை. பயந்தேன். பட்டறை போய்விடும் என்று பயந்தேன். அதைவிடத் தங்கை முகத்தில் விழிக்க முடியாது என்று பயந்தேன். விழுந்த வேகத்தில் கழன்றது என்று எழுதியாகிவிட்டது, படத்தை இன்னொருவர் பார்த்தாலும் புரியாது, சும்மா இருந்தால் போதும் என்றும் நினைத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். பாவம் இருந்த இடத்தில் தூக்கம் இல்லை. அந்த இரண்டு நாளும் பட்டறைக்கு வந்த வண்டிகளில் எல்லாம் முதலில் செயின் லாக்கைத்தான் பார்த்தேன். எல்லாவற்றிலும் தலை சரியான பக்கம் இருந்தது. எல்லாம் நான் போட்டவை.

செவ்வாய்க்கிழமை மாலை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப நான் வேகமா போகலைன்னு நீயாவது நம்பறியா?" என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். "ஒரு வாரமா எனக்கே சந்தேகம் வந்துருச்சு மச்சான்" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். அதன் பிறகு, தங்கையிடம் நீயே சொல்லிவிடு என்றார். சொன்னேன். அவள் படம் இருந்த கைபேசியை மட்டும் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

இன்று காலை நிலையத்துக்கு வரும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கித் தையற்கார அம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர், "ஆறு மாசம் மெஷின் மிதிக்கக் கூடாதுங்கறாங்க. நீ சொல்லிட்டதால நாளைக்கே மிதிச்சிர முடியுமா?" என்றார். முடியாது என்றேன். "ஏழு நாளா அந்த வேன்காரனைத் திட்டிக்கிட்டே படுத்திருந்தேன். இனிமே உன்னைத் திட்டறேன். போ" என்றார். வந்துவிட்டேன்.

மேற்படி படம் உள்ள கைபேசியை அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன். நிலைய வளாகத்தில் நிற்கும் வண்டியை என் முன்னிலையில் பார்த்தார்கள். செயின் எங்கும் முறியவில்லை, லாக் போட்ட இடத்தில்தான் பிரிந்திருக்கிறது, கிளிப் இல்லை. இதனால் எனக்கு என்ன வருமோ அது வரட்டும்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். விபத்தைச் சொல்லும் இடத்தில், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வண்டியை ஓட்டி வந்த மேற்படி நபர்" என்று வாசித்தார். நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். அவர் தாளைப் பார்த்தார். "இருபது வருசமா விபத்துன்னா இப்படித்தான் எழுதறது. கை தானா எழுதிருச்சுய்யா" என்றார். தெரியும் சார் என்றேன். அதன் பிறகு என் கண் முன்னால் அந்த வரி முழுவதையும் அடித்து, நான் சொன்னதை மேலே எழுதினார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அதிவேகம் என்ற சொல் இனி இந்தத் தாளில் எங்கும் வேண்டாம் என்றும், அஜாக்கிரதை என்ற சொல்லை மட்டும் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். எழுதினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது, நடந்தபடியும் இருக்கிறது. இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
பட்டறைக்காரர்