முப்பத்து நாலு இஞ்சு நெஞ்சுக்காரர்

பின்னலாடைத் தொழிலின் பேருழைப்பாளரே! அனுப்பர்பாளையம் எங்களுக்கு அனுப்பிவைத்த அருந்துணையே! சக்கரம் சுற்றிய கரத்தால் எங்கள் சங்கடங்களையும் சுற்றி எறிந்த சான்றோரே! நொய்யல் தெளிந்து ஓடிய நாளிலேயே அந்த நீரினும் தெளிந்த நெஞ்சினரே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் கம்பெனியில் பணியாற்றி, பின்னல் பகுதி சூப்பர்வைசராக உயர்ந்து, இன்று ஓய்வு பெறும் கன்னையனாரே! தங்கள் திருமுன் நிற்கும் எங்கள் வணக்கம் கோடி!

இவ்வளவும் வழக்கப்படி. நேற்று எழுதி முடித்த மடல் முழுக்க இப்படித்தான் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டோம். இன்று காலை கட்டிங் மேசையருகே நடந்ததைக் கண்ட பிறகு, அந்தப் பழைய மடலை வாசிக்க எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அவசரமாக எழுதிய மடல் இது. தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு "தாங்கள் பெருத்தீர்கள்" என்று வாசிக்க எங்களில் ஒருவருக்கும் நா எழாது. ஆகவே சற்று நேரத்துக்குத் தங்களை "அவர்" என்று மூன்றாம் மனிதரைப் போலச் சொல்லிக்கொண்டு போகிறோம். பொறுத்தருள்க!

அவர் நம் கம்பெனியில் கால் வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில். அப்போது நம் பின்னல் மெஷினுக்குக் கரண்ட் இல்லை; கைப்பிடியைப் பற்றி மனிதன்தான் சுற்ற வேண்டும். அனுப்பர்பாளையத்திலிருந்து விடியுமுன் நடந்து வருவார், நாளெல்லாம் சுற்றுவார், பொழுது சாய நடந்தே திரும்புவார். வீட்டுக்குப் போனதும் மனைவி மருதாள் அம்மாளுக்குக் கிணற்றில் தண்ணீர் சேந்திக் கொடுப்பார். தைப்பூசத்துக்குப் பழனி வரை நடை, மலைமேலும் நடை. சாப்பிட்டது கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும். சாப்பிட்டது வயிற்றில் தங்க நேரமேது? கையிலும் காலிலும் செலவாகிவிடும். நெஞ்சு பலகை போல் நின்றது. முப்பத்து நாலு இஞ்சு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பனியன் துணியின் குணம் ஊரறிந்தது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மேசைமேல் போட்டு டேப் பிடித்தால் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. அதனால் நம் முதலாளி சிவசுப்பிரமணியம் ஐயா ஒரு வழி வைத்திருந்தார். துணிமேல் வைத்து வெட்டும் அளவு அட்டை ஆண்டு முழுக்கத் தேய்ந்து போவதால், ஆயுத பூசைக்கு முன் புது அட்டை போடுவோம். அந்த அட்டையில் வெட்டித் தைத்த முதல் பனியனைக் கன்னையனார் போட்டுக்கொண்டு நிற்பார். அவருக்குக் கச்சிதமாக உட்கார்ந்தால் அதுதான் முப்பத்து நாலு; மற்ற சைஸ்களெல்லாம் அதிலிருந்து கூட்டியும் குறைத்தும். அப்புறம் அட்டைக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். "டேப்பு பொய் சொல்லுமுங்க, நம்ம கன்னையன் நெஞ்சு பொய் சொல்லாதுங்க" என்று முதலாளி சொல்லும்போது கன்னையனாருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊரில் எத்தனை பேருக்கு உடம்பே பதவியாக அமையும்!

பிறகு வந்ததய்யா சுகம்! மெஷினுக்கு மோட்டார் வந்தது. கைப்பிடி போய் சுவிட்ச் ஆயிற்று. அவர் சூப்பர்வைசர் ஆனார். மெத்தை வைத்த நாற்காலி வந்தது. சலவைப் பட்டறைக்கு ஓடிப்போய்ச் சேதி சொல்லிக்கொண்டிருந்தவருக்கு மேசைமேல் டெலிபோன் வந்தது. நடை சைக்கிளாயிற்று, சைக்கிள் மொபெட் ஆயிற்று. கிணற்றுக்கு மோட்டார் வந்தது. கோயமுத்தூரிலிருந்து மாவாட்டும் கிரைண்டர் வந்தது. நோம்பி, பண்டிகைக்கு மட்டும் வெந்த இட்லி அன்றாடம் வேகத் தொடங்கியது. பழனிக்குப் பஸ், மலைமேல் இழுத்துப் போக விஞ்ச். முருகன்கூட அவர் வியர்த்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஒவ்வொன்று வந்தபோதும் நாங்கள் கை தட்டினோம். கெட்டது ஒன்றுகூட வரவில்லை, வந்ததெல்லாம் நல்லதே. இப்போது நினைத்தால் அதுதான் வினை!

ஆண்டுதோறும் ஆயுத பூசை வந்தது. புதுப் பனியனைப் போட்டுக்கொண்டு அவர் கட்டிங் மாஸ்டர் அங்கமுத்துவைப் பார்ப்பார். "கொஞ்சம் புடிக்குதுங்க மாஸ்டர். நாலா பக்கமும் ஒரு நூல் விடுங்க" என்பார். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அது ஓர் அளவா? மாஸ்டரும் விட்டார். அடுத்த ஆண்டும் ஒரு நூல். அதற்கடுத்த ஆண்டும் ஒரு நூல். "சலவைப் பட்டறைக்காரன் துணியைச் சுருக்கிப் போடறானுங்க" என்று அவர் மனசார நம்பினார். நாற்காலியில் அமர்ந்தபடியே டெலிபோனில் அந்தப் பட்டறைக்காரரை வறுத்தெடுத்தார்.

மற்றவர்களுக்கு உடம்பு பெருத்தால் உடுப்பு இறுகிச் சொல்லிவிடும். இவர் உடுப்போ இவரோடு சேர்ந்து வளர்ந்தது! வீட்டில் இருந்தது உள்ளங்கையகலச் சவரக் கண்ணாடி. அதில் மீசை தெரியும், வயிறு தெரியாது. மருதாள் அம்மாள் மட்டும் ஒரு நாள், "ஏனுங்க, கொஞ்சம் பூசுனாப்ல இருக்கறீங்களே" என்றாராம். அவர் பனியனின் பின்கழுத்தைத் திருப்பி லேபிளைக் காட்டினார். "பாரு புள்ள, முப்பத்து நாலு. கல்யாணத்தன்னிக்கும் இதே சைஸுதான்." லேபிளே சொன்ன பிறகு அந்த அம்மாள் என்ன பேசுவார்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் இடி விழுந்தது. தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர், நாம் அனுப்பிய முப்பத்து நாலு சைஸ் மூட்டைகள் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் தள்ளினார். கூடவே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அந்த மனிதர் நம் பனியனைப் போட்டிருந்தார். போட்டிருந்தார் என்று சொல்வதா, அதற்குள் குடியிருந்தார் என்று சொல்வதா! தோள்பட்டி முழங்கைக்கு நழுவிக் கிடந்தது.

"மொதலாளி, நான் கேட்டது முப்பத்து நாலு. நீங்க அனுப்புனது சாக்குல்லா!" என்றார் அண்ணாச்சி. "இதைப் போட்டுக்கிட்டு எங்க ஆளுவ எப்படி மூடை தூக்குவாவ?"

முதலாளி முகம் சிவந்தது. வெட்டியவர் அங்கமுத்து, ஆகவே குற்றம் அங்கமுத்துவினுடையது. "கத்திரியை மேசை மேல வெச்சுட்டுக் கெளம்பு" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் கத்திரியை மேசைமேல் வைத்தார். தோளில் கிடந்த டேப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

கன்னையனாருக்கோ கோபம் பொங்கியது. அங்கமுத்து மேல் அல்ல, அண்ணாச்சி மேல். தன் நெஞ்சில் பொருந்திப் போன சைஸைத் தப்பென்று எவன் சொல்வது? சட்டையைக் கழற்றினார். திரும்பி வந்த மூட்டையிலிருந்து ஒன்றை உருவிப் போட்டுக்கொண்டார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. "பாத்துக்குங்க! இதுல எங்கீங்க தப்பு?" என்று கையிரண்டையும் விரித்து நின்றார்.

எல்லோரும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தோம். ஒரே லேபிள் போட்ட ஒரே பனியன். ஒருவர் மேல் தொங்குகிறது, பக்கத்தில் நிற்பவர் மேல் கச்சிதமாக உட்கார்கிறது. அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "ஏன் மொதலாளி, இவியளுக்கா முப்பத்து நாலு?"

டேப் வந்தது. முதலாளியே பிடித்தார். நெஞ்சு நாற்பது! பிடித்த இடம் தப்போ என்று மறுபடி பிடித்தார். நாற்பதேதான்! வயிற்றில் பிடித்ததை அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. கன்னையனார் குனிந்து பார்த்தார். அன்றுதான், எத்தனையோ ஆண்டுக்குப் பிறகு, தன் பாதம் தனக்குத் தெரியவில்லை என்பதைக் கவனித்தார். இவ்வளவு நாளும் தனக்குள் வேறு ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தது போல் இருந்தது அவருக்கு. எங்களுக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவரவர் கை அவரவர் தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

அவமானத்தில் அவர் அப்படியே வெளியேறியிருக்கலாம். செய்யவில்லை. மேசைமேல் கிடந்த கத்திரியை எடுத்து அங்கமுத்து கையில் வைத்தார். "தப்பு கத்திரியில இல்லீங்க முதலாளி. என்ற நெஞ்சுலதானுங்க. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க" என்றார். முதலாளி இருவரையுமே அனுப்பவில்லை. அட்டை புதிதாகப் போடப்பட்டது, அந்த மூட்டை தூக்கும் மனிதரின் நெஞ்சளவில். இனிமேல் தன் மேல் பனியன் பார்க்கக் கூடாதென்று கன்னையனாரே கேட்டுக்கொண்டார். நூல் குடோனில் மூட்டை சுமந்துகொண்டிருந்த, வெடவெடவென்று மெலிந்த லிங்கசாமி அந்தப் பதவிக்கு வந்தார். டேப்பில் முப்பத்து நாலு வரும் வரை நம் பனியனைத் தொடுவதில்லை என்று கன்னையனார் சபதம் எடுத்தார்.

மொபெட்டைப் பழகிக்கொள்ளச் சொல்லி லிங்கசாமியிடமே விட்டுவிட்டார். நாற்காலியையும் டெலிபோனையும் லிங்கசாமி பக்கமே தள்ளி வைத்தார். அனுப்பர்பாளையத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். மூலையில் துருவேறிக் கிடந்த பழைய கைமெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டார். முதல் நாள் நாலு சுற்றுக்கு மேல் முடியவில்லை. மூச்சிரைக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் குழந்தை போல் அழுததை எங்களில் சிலர் பார்த்தோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "கரண்டு இருக்கறப்ப எதுக்குங்க இந்தப் பாடு?" என்று கேட்டோம். "கரண்டு மெஷினுக்குத்தானுங்க வந்துச்சு, எனக்கு வரலீங்களே" என்றார்.

போன உடம்பு வந்த வேகத்தில் திரும்புமா? முரண்டு பிடித்தது. கம்மஞ்சோறு மீண்டது, மருதாள் அம்மாள் கிரைண்டரை விற்க மாட்டேன் என்று மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். பழனிக்கு மறுபடி நடந்தார். விஞ்சை அண்ணாந்து பார்த்துவிட்டுப் படியேறினார். சென்ற ஆயுத பூசையன்று அங்கமுத்து மாஸ்டர் டேப் பிடித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்து நாலு! "ரிட்டயர் ஆகற அன்னைக்கு நம்ம பனியன் போட்டுக்கறனுங்க" என்றார் கன்னையனார்.

அந்த நாள் இன்று. காலையில், மேசை மேலிருந்த புத்தம் புதுப் பனியன் ஒன்றை எடுத்து, முப்பத்து நாலு லேபிளை எல்லோருக்கும் காட்டி, அவருக்குப் போட்டுவிட்டோம். கை தட்ட உயர்ந்த கைகள் உயர்ந்தபடி நின்றன. தோள்பட்டி நழுவி முழங்கைக்கு வந்தது! கன்னையனாரின் முகம் வாடிவிட்டது. "ரொம்ப எளச்சுட்டனா மாஸ்டர்? வயசாயிருச்சுங்க. ஒரு நூல் புடிச்சுக் குடுங்க" என்றார்.

மாஸ்டர் டேப்பை எடுத்து அவர் நெஞ்சில் பிடித்தார். முப்பத்து நாலேதான்! மாஸ்டருக்கு ஏதோ பொறி தட்டியது. மெல்லத் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். அங்கே, மெத்தை நாற்காலியில், டெலிபோனுக்குப் பக்கத்தில், அதே லேபிள் போட்ட பனியன் அளவெடுத்ததுபோல் பொருந்த, லிங்கசாமி உட்கார்ந்திருந்தார்.

"என்னை எதுக்குங்க பாக்கறீங்க?" என்றார் லிங்கசாமி. "சலவைப் பட்டறைக்காரனுங்க துணியைச் சுருக்கிப் போடறான்!"

கன்னையனாரே! வாசலில் லாரி நின்றது. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய மூட்டைகள் பாதி ஏறியிருந்தன. இறக்கிவிட்டோம். தாங்கள் இன்று அந்தப் பனியனைப் போட்டிராவிட்டால் எங்கள் கதி என்ன? கண்ணெதிரே ஒரு முறை நடந்ததை, அதே மேசையில், அதே நாற்காலியில், மறுபடி நடக்கவிட்டுக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோமே! லிங்கசாமி அப்போதிருந்து கைமெஷினருகே நிற்கிறார். நாலு சுற்று ஆயிற்றாம்.

தங்களுக்கென்று வாங்கி வைத்த சாய்வு நாற்காலியைக் கடைக்கே திருப்பிவிட்டோம். வேறென்ன தருவதென்று தெரியவில்லை. கைமெஷினைத் தரலாமென்றால், அது இனி எங்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆகவே ஒன்றும் தராமல், ஒன்று கேட்கிறோம். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு வந்து, எங்கள் அட்டைக்குத் தங்கள் நெஞ்சைத் தந்தருள வேண்டும். வண்டி அனுப்ப மாட்டோம். தாங்கள் நடந்தே வருவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

தங்கள் ஆயுள் பெருகட்டும்! புகழ் பெருகட்டும்! மருதாள் அம்மாளோடு இல்லம் பெருமகிழ்வில் பெருகட்டும்! நெஞ்சளவு ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்!

இங்ஙனம்,
தங்கள் நெஞ்சை என்றும் மறவாத
பின்னல், கட்டிங், தையல், மடிப்புப் பகுதி ஊழியர்கள்
(எல்லோரும் நின்றுகொண்டே கையெழுத்திட்டது)
திருப்பூர், தை 1976