மூணாவது மாடி வாடகை

— பேனாவ மூடி வைங்க மாப்பிள்ளை. நான் இன்னும் படிச்சே முடிக்கல.

— எட்டுப் பக்கமும் பேங்க் எழுதற வழக்கமான வாசகம்தான் அத்தை. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கையெழுத்து. சிம்பிள்.

— பத்திரப் பதிவு ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் டைப் அடிச்சுட்டு, இப்ப பென்ஷன்ல உக்காந்திருக்கேன். வீட்டத் தொலைச்சவங்க எத்தனையோ பேரப் பாத்தாச்சு. எல்லாரும் கடைசிப் பக்கத்த மட்டும் பாத்தவங்கதான்.

— தொலைக்கறதாவது? உங்க வீட்ட யாரும் தூக்கிட்டுப் போகல. ரெண்டாவது ஃபிளாட்டுக்கு லோன் கொடுக்க பேங்க் ஒரு ஈடு கேக்குது. உங்க பத்திரம் சும்மா பீரோல தூங்கிட்டு இருக்கு. அத வேலைக்கு அனுப்புங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

— அது தூங்கறதாலதான் எனக்கும் தூக்கம் வருது. சரி, முதல் ஃபிளாட்ட எத வச்சு வாங்கினீங்க?

— உங்களுக்குத் தெரியாததா? முன்பணம் உங்க பொண்ணோட சேமிப்பு. மிச்சம் லோன்.

— அப்ப உங்க பங்கு?

— ஐடியா.

— ஓஹோ.

— சிரிக்காதீங்க அத்தை. ரெண்டு நாள் வகுப்புக்குப் போய் கத்துக்கிட்டது. ஒரு வீட்டு வாடகை அந்த வீட்டுத் தவணையக் கட்டிடும். அதக் காட்டி அடுத்தத வாங்கலாம். ரெண்டக் காட்டி நாலு வாங்கலாம். பத்து வருஷத்துல பன்னெண்டு வீடு. இதுக்குப் பேரு போர்ட்ஃபோலியோ.

— பன்னெண்டு வீட்டுக்காரரே, இந்தச் சமையலறைக் குழாய் சொட்டுதுன்னு உங்ககிட்ட சொல்லி நாலு மாசமாச்சு. ஒரு வாஷர் மாத்த வழியக் காணோம்.

— அதுக்கெல்லாம் ஆள் வச்சுக்கணும். முதலாளி ஸ்பேனர் பிடிக்கக் கூடாது.

— சரி முதலாளி. உங்க ஃபிளாட்ல குடியிருக்கறது யாரு?

— மூணாவது மாடி.

— மாடியக் கேக்கல. ஆளக் கேட்டேன்.

— பேரு ஒப்பந்தத்துல இருக்கும். நான் பழகறதில்ல. முகத்தப் பாத்தா இரக்கம் வரும், இரக்கம் வந்தா வாடகை வராதுன்னு வகுப்புல முதல் நாளே சொல்லிட்டாங்க. புரோக்கர் வாடகைய வாங்கி என் கணக்குல போட்டுடுவார். வேற எந்தத் தொல்லையா இருந்தாலும் என்னைக் கூப்பிடாதீங்க, என் வீட்டுக்காரிகிட்ட பேசிக்கோங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— தொல்லை அவளுக்கு, வாடகை உங்களுக்கு. வெண்ணெய் மாதிரி வெட்டிப் பிரிச்சிருக்கீங்க. வீட்டப் போய் எட்டிப் பாக்கறதாவது உண்டா?

— வாங்கினப்ப பாத்ததுதான். போகத் தேவையே இல்லன்னா அதானே அத்தை திறமை?

— ஒரு மாசம் வாடகை வரலன்னா?

— உங்க பொண்ணு சம்பளம் இருக்கே, அதுல இருந்து தவணையக் கட்டிட்டுப் போறது. பத்தலன்னா அவ வளையல அடகு வைக்கலாம். ஆனா அந்த நிலைமையே வராது. இதப் பாருங்க, பேங்க்ல வாங்கின பேப்பர். இருபத்தாறு மாசம், ஒரு மாசம் பிசகல. இத நம்பித்தான் அவங்களே லோனுக்குத் தலையாட்டியிருக்காங்க.

— அவங்க தலைக்கென்ன, ஆட்டுவாங்க. கையெழுத்து என்னோடதுதானே.

— இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. முதல்ல எல்லாம் ஜன்னல் மூடலன்னு, ஈரம் இறங்குதுன்னு உங்க பொண்ணுக்கு வாரம் ஒரு போன் வரும். போன வருஷம் குடியிருக்கறவங்க நம்பர் மாத்திட்டாங்கன்னு புரோக்கர் புது நம்பர் அனுப்பினார். அதுல இருந்து சத்தமே இல்ல. ரெண்டு தடவ மெசேஜ்லயே வாடகைய ஏத்தினேன். ரெண்டு தடவையும் 'சரிங்க சார்'னு பதில். மக்குப் பிண்டம் போல.

— எனக்கும் ரொம்ப நாளா அதே சந்தேகம்.

— அந்த மாதிரி ஆள் அமையறது அதிர்ஷ்டம் அத்தை. பிழியப் பிழிய சாறு.

— உங்களப் பொண்ணு பாக்க வரச் சொன்ன அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். தலை தெளிவா இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

— ஏன் அத்தை இப்படிக் குத்திக் குத்திப் பேசறீங்க? போடறீங்களா, இல்லையா? அஞ்சு மணிக்குள்ள பேங்க்ல கொடுக்கணும். இல்லன்னா அந்த ஃபிளாட்ட வேற ஆள் கொத்திட்டுப் போயிடுவான்.

— போடறேன். ஆனா இந்த வாடகைய நம்பித்தானே என் வீட்ட ஈடு வைக்கறீங்க? இன்னும் ரெண்டு வருஷம் அங்க இருப்பீங்களான்னு அந்த ஆளுகிட்ட நீங்க கேளுங்க. பதில நான் என் காதால கேக்கணும்.

— மெசேஜ் அனுப்பறேனே.

— பேசுங்க. ஒரு தடவ குரலக் கேட்டா இரக்கம் ஒண்ணும் வந்துடாது. உங்களுக்கு வராது, அதுக்கு நான் உத்தரவாதம்.

— சரி, ஸ்பீக்கர்லயே போடறேன், திருப்திதானே? இதோ, போகுது. அத்தை, உங்க மடியில ஏதோ போன் அடிக்குது பாருங்க. இது யாரோட போன்? முதல்ல அத அணைங்க, ஒண்ணும் கேக்கல.

— அணைக்கறதென்ன, எடுத்தே பேசறேன். சொல்லுங்க சார். உங்க மூணாவது மாடியில ஆள் காலி பண்ணிப் போய் பதினாலு மாசமாச்சு. புரோக்கர் நீங்க சொன்னபடி என் பொண்ணுகிட்ட சொன்னார், அவ பயந்துபோய் என்கிட்ட ஓடி வந்தா. அன்னையில இருந்து என் பென்ஷன்தான் சார் உங்க வாடகை. வர்ற மாசத்துல இருந்து நானும் காலி பண்றேன்.